டோர்செட் பார்க்கில் ஒரு கமராக்காரன்

லோரன்ஸ் அவெனியூவில் பஸ்ஸை விட்டு இறங்கி, கென்னடி வீதியால் வடக்கே நடந்தால் அரை மணித்தியாலத்தில் எல்ஸ்மியர் சந்தி வரும். இன்னும் கொஞ்சம் நடந்தால் 401 பெருந்தெரு குறுக்கே ஓடும். ஸ்காபரோவின் டோர்செட் பார்க் என்பது இந்த நடையும் அதன் இரு பக்கமும்தான். உட்தெருக்களில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் கட்டிய சிறிய வீடுகள். பெரிய வீதியில் அடுக்குமாடிகளும் வரிசைக் கடைகளும். ஒரு கடையில் எங்கள் கறித்தூள் மணக்கும், அடுத்த கடையில் வேறொரு நாட்டுச் சமையல் மணக்கும்.

1985 இல் தொடங்கிய ஸ்காபரோவின் சின்ன ரயில் இந்த வட்டாரத்தின் ஓரத்தால் ஓடிக்கொண்டிருந்தது. 2023 ஜூலை 24 ஆம் திகதி அதன் பின்பெட்டி தண்டவாளத்தை விட்டு விலகியது. அதன்பின் அந்த ரயில் ஓடவே இல்லை. எல்லோரும் பஸ்ஸுக்கு மாறினோம். எனக்கு அதில் ஓர் இலாபம் உண்டு. பஸ்ஸில் எதிரே இருப்பவர்களின் முகங்களை ஆறுதலாகப் பார்க்கலாம். முகம் பார்ப்பதுதான் என் தொழில். இந்தப் பகுதியில் படம் பிடித்துப் பிழைப்பவன் நான்.

என்னிடம் வருபவர்களில் அநேகர் ஆசைக்குப் படம் எடுக்க வருவதில்லை. கடவுச்சீட்டு, நிரந்தர வதிவிட அட்டை என்று ஏதோ ஒரு தேவைக்காக வருகிறார்கள். கனடாக் கடவுச்சீட்டுப் படம் 50 மில்லிமீற்றர் அகலம், 70 மில்லிமீற்றர் உயரம். நாடியிலிருந்து உச்சந்தலை வரை முகம் 31 முதல் 36 மில்லிமீற்றருக்குள் அடங்க வேண்டும். பின்னணி வெள்ளையாக அல்லது வெளிர் நிறமாக இருக்க வேண்டும். நிழல் விழக்கூடாது. சிரிக்கவும் கூடாது.

இந்த விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக இருக்கிறார்கள். இரவு வேலை முடித்து நேரே வந்த ஆப்கான் இளைஞன் கண் சொருகாமல் இருக்கப் பாடுபட்டான். கோயிலுக்குப் போகும் அழகான தொப்பியோடு வந்த ஜமேக்கா மூதாட்டி, அதைக் கழற்றச் சொன்னதும் என்னைக் கோபமாகப் பார்த்தார். மதநம்பிக்கைக்காகத் தலையை மூடுபவர்களுக்கு விலக்கு உண்டு, முகம் முழுதாகத் தெரிந்தால் போதும் என்று நான் விளக்கினேன். "அப்படியென்றால் இதுவும் என் மதம்தான்" என்றார். இருவரும் சிரித்தோம். பிறகு தொப்பியைக் கழற்றித் தந்தார்.

எங்கள் சனம் என்ன செய்வார்கள் தெரியுமா? மூச்சை அடக்குவார்கள். சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டி, தோளை உயர்த்தி, அசையாமல் நிற்பார்கள். கதிரையில் இருக்கச் சொன்னாலும் எழும்பி நிற்பவர்கள் உண்டு. முதலில் இதைக் கூச்சம் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. இலங்கையில் 1972 இல் அடையாள அட்டை வந்தது. யுத்த காலத்தில் சோதனைச் சாவடியில் அந்த அட்டையிலுள்ள படத்தையும் எங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். படத்துக்கு முகம் கொடுப்பதென்றால் சோதனைக்கு நிற்பது என்று எங்கள் உடம்பு படித்துவிட்டது. ஆகையால் இப்போது நான் உடனே படம் எடுப்பதில்லை. "எந்த ஊர் ஐயா?" என்று கேட்பேன். ஊர்ப் பெயரைச் சொல்லும்போது மூச்சு வெளியே வரும். அந்த நேரத்தில் எடுத்துவிடுவேன்.

இந்த இடத்துக்கும் அப்படி ஓர் அடையாள அட்டைப் படம் உண்டு. கூடுதல் சேவைகள் தேவைப்படும் பகுதிகள் என்று ரொறன்ரோ மாநகரம் 2005 இல் தெரிந்தெடுத்த 13 வட்டாரங்களில் டோர்செட் பார்க்கும் ஒன்று. அதனால் நன்மையும் வந்தது. ஆனால் அந்தப் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு, பாடசாலை விடும் நேரத்தில் கென்னடி வீதியில் எத்தனை மொழியில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்பது தெரியாது.

முகப்படத்தால் உலகப் புகழ் பெற்ற ஒருவர் இதே கனடாவுக்கு எங்களைப் போலவே வந்தவர். யூசுப் கார்ஷ் ஓர் ஆர்மீனியர். 1908 இல் மார்டின் என்ற ஊரில் பிறந்து, இனப்படுகொலையைக் கண்டு, குடும்பத்தோடு சிரியாவுக்குத் தப்பியவர். பதின்ம வயதில் தனியாகக் கனடா வந்தார். கியூபெக்கில் படப்பிடிப்பாளராக இருந்த மாமன் அவருக்குத் தொழில் காட்டினார். 1932 இல் ஒட்டாவாவில் தன் நிலையத்தைத் திறந்தார். 1941 டிசம்பர் 30 ஆம் திகதி, ஒட்டாவாவுக்கு வந்திருந்த சேர்ச்சிலின் வாயிலிருந்து சுருட்டைப் பறித்துவிட்டு, அவர் முறைத்த கணத்தில் எடுத்த படம் இன்று பிரித்தானியாவின் ஐந்து பவுண் தாளில் இருக்கிறது. அகதிப் பொடியன் ஒருவன் உலகத் தலைவரின் முகத்தை அப்படிப் பார்த்தான் என்பது எனக்குத் தெம்பு தரும் செய்தி.

எனக்குச் சுருட்டுப் பறிக்கும் துணிவில்லை. நான் செய்த பிழைகளும் உண்டு. தொடக்கத்தில் எங்கள் முகங்களையெல்லாம் கரியாக்கினேன். கமராவின் தானியங்கி அளவீடு, எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளைச் சுவருக்கு முன் கறுத்த முகம் நின்றால், சுவரின் வெளிச்சத்துக்குப் பயந்து படத்தை இருட்டாக்கிவிடும். அளவைச் சுவரில் எடுக்காமல் முகத்தில் எடுக்க வேண்டும். இது விளங்கும் வரை எத்தனை பேருக்கு அவர்களின் நிறம் ஒரு குறை என்று தோன்ற வைத்தேனோ!

அண்மையில் ஓர் அம்மா கடவுச்சீட்டுப் படத்துக்கு வந்தார். வேலை முடிந்ததும் கைப்பையிலிருந்து தபால் முத்திரையளவு படம் ஒன்றை எடுத்தார். காணாமற் போன மகன். அடையாள அட்டைக்கு எடுத்த படம், வேறு படம் எதுவும் மிஞ்சவில்லை. "பெரிசாக்கித் தாரும் தம்பி" என்றார்.

பெரிதாக்கினால் புள்ளிதான் பெருக்கும், முகம் தெளியாது. இப்போதுள்ள மென்பொருளோ, இல்லாத கண்ணிமையைக் கூட வரைந்து தரும். அதைச் செய்து பார்த்தேன். அழகான பொடியன் ஒருவன் வந்தான். அம்மா நீண்ட நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது என்ர பிள்ளை இல்லை."

மங்கலான படத்தையே அச்சிட்டுக் கொடுத்தேன். நெஞ்சோடு அணைத்தார். 2017 பெப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரம் இருந்து பிள்ளைகளைக் கேட்ட தாய்மாரின் கைகளில் உள்ள படங்களைக் கவனித்திருப்பீர்கள். அவற்றிலும் பல இப்படித்தான். சிரிக்கக் கூடாது என்று சொல்லி எடுத்த படங்கள்.

போகும்போது அந்த அம்மா திரும்பி வந்தார். "என்னையும் ஒண்டு எடும். அவன் வந்தால் நான் எப்படி இருந்தன் எண்டு பார்க்கட்டும்." அந்தப் படத்துக்கு நான் அளவுகோல் வைக்கவில்லை.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெரியவர்களின் படத்தை இப்போதே எடுத்து வையுங்கள். கைத்தொலைபேசி போதும். யாழ்ப்பாணத்தில் நடுப்பகல் வெயில் உச்சியில் நின்று கண்ணுக்குக் கீழே இருட்டைப் போடும். ரொறன்ரோவில் டிசம்பர் நடுப்பகலிலும் சூரியன் சுமார் 23 பாகைக்கு மேல் எழும்பாது. அந்தச் சாய்ந்த வெளிச்சம் யன்னலால் வரும்போது முகத்துக்கு நல்லது. வெளியே பனி கிடந்தால் இன்னும் நல்லது, அது கீழிருந்தும் வெளிச்சம் தரும். சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி, யன்னலுக்குப் பக்கவாட்டில் கதிரையைப் போடுங்கள். பிளாஷ் வேண்டாம். ஊரைப் பற்றிக் கேளுங்கள்.

அச்சிட்ட படத்தின் பின்னால் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். ஒரு பிரதியை வேறு நாட்டில் இருக்கும் உறவினருக்கு அனுப்புங்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்விலும் 2009 இல் வன்னியிலும் ஒரே வீட்டில், ஒரே பெட்டியில் வைத்திருந்த படங்கள்தான் போயின.

அடுத்தமுறை கடவுச்சீட்டுப் படத்துக்கு வரும்போது அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் வேலை முடிந்ததும் அவர் ஐந்து நிமிடம் கதிரையில் இருக்கட்டும். சிரிக்கலாமோ என்று கேட்பார். சிரிக்கலாம் என்று சொல்லுங்கள்.