எலி வளைன்னு நான் சொன்ன பொய்

போன பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. வாழைக்கு முட்டுக் கொடுக்கிற வேலை, அப்புறம் கோயில்ல அறுப்பின் பண்டிகைன்னு நாள் போயிட்டு. இன்னைக்கு வெவசாயத்தோட சேத்து வேற ஒரு விஷயமும் எழுதணும்.

எங்க ஊர் சி.எஸ்.ஐ. சபை சின்னது, நூறு வீடுகூட இருக்காது. பையன்களுக்குப் பதினஞ்சு, பதினாறு வயசு ஆனதும் திடப்படுத்தல் எடுப்பாங்க. ஐயரும் உபதேசியாரும் வகுப்பு வச்சு பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் எல்லாம் மனப்பாடம் பண்ண வைப்பாங்க. பேராயர் வந்து தலையில கை வைப்பார். வெள்ளைச் சட்டை, முதல் நற்கருணை, வீட்ல கறிச்சோறு. அதோட சரி.

பொம்பளப் பிள்ளைங்க அந்த வயசுலயே பீடி சுத்தி வீட்டுக் கணக்குப் பாக்க ஆரம்பிச்சிருதுக. பயலுகளுக்கு மட்டும் அடுத்தது என்னன்னு சொல்ல ஆள் இல்ல. அப்பாமார் பாதிப் பேர் சென்னையில, மும்பையில பலசரக்குக் கடையில கிடக்காங்க. கொஞ்சப் பேர் ஊர்லயே இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நான் படிச்சது பத்தாவது. பிரசங்கம் பண்ண வராது. அதனால நாலு வருஷமா சனிக்கிழமை சாயங்காலம், வாலிபர் சங்கத்துப் பையன்கள்ல வர்றவங்களை வயலுக்குக் கூட்டிட்டுப் போறேன். பவுல் அப்போஸ்தலரே கூடாரம் பண்ற தொழில் பாத்தவர்தான். கொரிந்துல ஆக்கில்லா வீட்ல தங்கி அவங்ககூட அந்த வேலையச் செஞ்சார். தீமோத்தேயுவுக்கு விசுவாசம் வந்தது பாட்டி லோவிசாள் வழியாவும் அம்மா ஐனிக்கேயாள் வழியாவும்தான். அப்பா கிரேக்கர்னு மட்டும் வேதத்துல இருக்கு. அந்தப் பையனை மகனேன்னு சொல்லிக் கூடக் கூட்டிட்டுப் போனது பவுல். இதத்தான் நான் மனசுல வச்சிருந்தேன்.

வந்த பையன்கள்ல ஒருத்தனுக்கு அப்பா கிடையாது. குடிச்சே போயிட்டார். அம்மா பீடி சுத்துறாங்க. பதினெட்டு வயசு, வாய்த்துடுக்கு ஜாஸ்தி. ஆனா மம்பட்டியப் பிடிச்சா வேலை சுத்தமா இருக்கும். அவனை நம்பி மோட்டார் ரூம் சாவியக் கொடுத்தேன்.

எங்க கிணத்துல நாலு பங்கு. தை மாசம் ஒரு ராத்திரி என் முறை. வாழைக்குத் தண்ணி பாய்ச்ச அவனை விட்டுட்டு, ரெண்டு மணிக்கு மடை மாத்திருலேன்னு சொல்லிட்டு வந்து படுத்துட்டேன். பய போன் பாத்துட்டே தூங்கிட்டான். தண்ணி நிறைஞ்சு, வரப்பு உடைஞ்சு, கீழ வயல் அண்ணாச்சியோட உளுந்துல போய் நின்னுட்டு. நெத்து முத்தி, நாலு நாள்ல பிடுங்க வேண்டிய உளுந்து.

விடியக்காலம் அண்ணாச்சி வந்து வரப்புல நிக்காரு. "என்ன தம்பி இப்படி ஆயிட்டு?"ன்னு கேட்டாரு. பையன் எனக்குப் பின்னால நிக்கான். நான் யோசிக்கவே இல்ல. "எலி வளை அண்ணாச்சி, வரப்பப் பறிச்சுட்டு"ன்னு சொல்லிட்டேன். பையனைக் காப்பாத்துறேன்னு நெனப்பு. உண்மையச் சொன்னா, 'இவன் வளக்குற லட்சணத்தப் பாரு'ன்னு ஊர் பேசுமேங்கிற பயமும் இருந்துச்சு. அண்ணாச்சி ஒண்ணும் பேசாமப் போயிட்டார்.

அன்னைக்குச் சாயங்காலம் பையன் வீட்டுக்கு வந்தான். "சித்தப்பா, நான் அண்ணாச்சிட்ட சொல்லிட்டேன். நான்தான் தூங்கிட்டேன்னு. உளுந்து பிடுங்கி, காயப் போட்டு, அடிக்கிற வரைக்கும் நான் வாரேன், கூலி வேண்டாம்னு சொல்லியிருக்கேன்."

எனக்கு மொதல்ல கோவம்தான் வந்தது. என்னைப் பொய்யனாக்கிட்டு வந்து நிக்கானேன்னு. எங்க வீட்ல அடுப்படியில இருந்தே, "அவன் ஆக்கல, நீங்களே ஆனதுதான்"ன்னு சொன்னாங்க. ராத்திரி பூரா தூக்கம் இல்ல. காலையில அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் கும்பிடுற சாமி வேற, ஆனா எங்க அசனத்துக்கு வருஷம் தவறாம அரிசி தர்ற மனுசன். அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கிறது லேசா இல்ல. அவர் காப்பி கொடுத்துட்டு, "எலி வளையும் பாத்திருக்கேன், வரப்பு உடைஞ்சதும் பாத்திருக்கேன் தம்பி. நீயே வரட்டும்னுதான் இருந்தேன்"ன்னார்.

நாலுல ஒரு பங்கு உளுந்து முளை விட்டுக் கறுத்துட்டு. பையன் பன்னெண்டு நாள் வேலை பாத்தான். நஷ்டத்துல பாதியப் பணமா நான் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை எல்லாப் பையன்களும் இருக்கும்போது நடந்ததை முழுசாச் சொன்னேன், நான் பொய் சொன்னதையும் சேத்து. அன்னைக்கு ஒருத்தனும் போன எடுக்கல. நாலு வருஷமா நான் பேசினதுல அவனுக காது கொடுத்துக் கேட்டது அந்த ஒரு நாள்தான்னு நெனைக்கேன்.

இந்த அறுப்பின் பண்டிகைக்கு, என் வயல் ஓரத்துல அவனுக்குன்னு விட்ட இருபது வாழையில முதல் தாரை அவன்தான் தோள்ல வச்சுக் கொண்டுவந்தான். ஏலத்துல நல்ல விலைக்கே போச்சு. அவங்க அம்மா கடைசி வரிசையில நின்னு கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க.

மோட்டார் ரூம் சாவி இன்னும் அவன்கிட்டதான் இருக்கு. இன்னைக்கு ராத்திரியும் என் முறைதான், அவன்தான் பாய்ச்சுறான். நான் போகல. போனை மட்டும் தலைமாட்டுல வச்சிருக்கேன்.