மலை இறங்கி, விமானம் ஏறி...

மூணாறிலிருந்து கீழே இறங்கும் சாலை அடிமாலியைத் தாண்டி, வாளறா, சீயப்பாறை அருவிகளின் ஓரமாக வளைந்து, நேரியமங்கலத்தில் 1935-ல் திறந்த பாலத்தில் பெரியாற்றைக் கடக்கிறது. பிறகு சமவெளி. கோதமங்கலம், பெரும்பாவூர், ஆதிசங்கரர் பிறந்த காலடி, கடைசியில் நெடும்பாசேரி. சுமார் 110 கி.மீ., ஏறக்குறைய நாலு மணி நேரம். விடிவதற்கு முன்பே மலை இறங்கும் வேன்களில் சில, கல்யாண வேன்களைப் போலவே நிரம்பி வழிகின்றன. டிக்கெட் ஒன்றுதான். வழியனுப்ப வருபவர்கள் பத்துப் பேர். விமானம் ஏறப்போவது புதுமணப்பெண்.

மாப்பிள்ளை ஒரு மாத லீவில் வந்து தாலி கட்டிவிட்டு துபாய்க்கோ ஷார்ஜாவுக்கோ திரும்பிவிட்டார். மனைவி விசா வர மாதக்கணக்கில் ஆகிறது. இவளது பாட்டன், பூட்டன் தென் தமிழ்நாட்டிலிருந்து கங்காணியின் பின்னால் மலையேறித் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தவர்கள். 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம் என்று வாழப் பழகிய குடும்பங்கள் இவை.

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பக்கத்துத் தமிழர்களுக்கு வாளையாறு வழியாகவோ பொள்ளாச்சி வழியாகவோ கோவை விமான நிலையம் கிட்டத்தில்தான். ஆனால் அங்கிருந்து வளைகுடாவுக்கு விமானங்கள் குறைவு. அதனால் அவர்களிலும் பலர் நெடும்பாசேரிக்கே வருகிறார்கள். வெளிநாடுவாழ் மலையாளிகள் உட்படப் பல்லாயிரம் பேரின் பங்குப் பணத்தில் எழுந்து, 1999 ஜூனில் விமானங்கள் இறங்கத் தொடங்கிய நிலையம் இது. 2015 முதல் முழுக்க சூரிய மின்சாரத்தில் இயங்குகிறது.

பயணத்தின் நிஜமான சோதனை பெயரில் இருக்கிறது. தமிழ்ப் பெண்ணுக்கு இருப்பது ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். பாஸ்போர்ட் படிவமோ குடும்பப் பெயர் கேட்கிறது. அப்பா பெயரைப் போடுவதா, புருஷன் பெயரைப் போடுவதா? ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசாவுக்கு அனுமதி இல்லை என்று 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது பல வீடுகளில் கலக்கம். கேரளத்தில் 2008 முதல் எந்த மதத் திருமணமானாலும் உள்ளாட்சி அலுவலகத்தில் பதிவு கட்டாயம். அந்தச் சான்றிதழில் மாநில அரசு, வெளியுறவுத் துறை, தூதரகம் என்று வரிசையாக முத்திரை விழவேண்டும். சான்றிதழில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் வேறு பெயரும் இருந்தால், மறுபடியும் முதலிலிருந்து.

பத்தாம் வகுப்பு தேறாதவர் என்றால் இன்னொரு கவலை. 1983-ம் வருடக் குடியேற்றச் சட்டப்படி, அவர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். மனைவியாகப் போகிறவர், தான் வேலைக்குப் போகவில்லை என்பதைக் காகிதங்களால் காட்டவேண்டும். கல்யாண ஆல்பத்தையே பையில் வைத்து அனுப்பும் அம்மாக்கள் உண்டு.

வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் ஜவான் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து அவளை மட்டும் உள்ளே விடுகிறார். அப்பா, அத்தை, தம்பி எல்லாரும் கண்ணாடிக்கு வெளியே. இதுவரை மூணாறு பஸ் ஸ்டாண்டுக்குக்கூடத் துணையில்லாமல் போகாதவள் இனி தனியாகப் பெட்டியை எடை போட்டு, தனியாக இமிக்ரேஷன் வரிசையில் நிற்கவேண்டும். இந்தியர்கள் புறப்பாட்டு அட்டை நிரப்பும் வழக்கம் 2017 ஜூலையில் ஒழிந்தது ஒரு நிம்மதி. கேள்விகள் ஒழியவில்லை. கணவர் பெயர்? என்ன வேலை? எந்தக் கம்பெனி?

அக்கரையிலும் அவளது இருப்பு கணவரைப் பிடித்தே நிற்கிறது. அமீரகத்தில் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால்தான் கணவர் மனைவியை அழைத்துக்கொள்ளலாம். அவர் வேலை போனால் அவள் விசாவும் ஆட்டம் காணும். விதவைக்கும் விவாகரத்தானவருக்கும் ஓராண்டு தங்க அனுமதி கிடைத்ததே 2018 அக்டோபரில்தான்.

துபாய்க்கு விமானம் சுமார் நாலு மணி நேரம். வேன் மலையேறவும் அதே நேரம். நேரியமங்கலத்துக்கு மேலே காட்டில் செல்போன் சிக்னல் விட்டு விட்டு வரும். அடிமாலியில் வேனை நிறுத்தி டீ குடிக்கும்போது அப்பா போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ‘இறங்கிட்டேன்ப்பா, அவரு வந்திருக்காரு’ என்ற அந்த ஒரு குரலுக்காக.