பார்க்காத ஆட்டம்

தமிழ் உரைநடைக்குப் பயிற்சி கிடைத்த இடங்களைப் பட்டியல் போட்டால் மடம் வரும், கோர்ட்டு வரும், அரசியல் மேடை வரும், சினிமாக் கொட்டகை வரும். விளையாட்டு மைதானம் வராது. இதை ஒரு குறையாக நாம் எண்ணுவதுமில்லை. விளையாட்டுப் பக்கம் பேப்பரின் கடைசியில் இருப்பது, பையன்கள் படிப்பது, அதற்கும் இலக்கியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக்கூடிய நண்பர்கள்தான் நம்மில் அதிகம். எனக்குச் சம்பந்தம் உண்டு. என் முதல் உத்தியோகம் அந்தப் பக்கத்தில். முதன்முதலாக அச்சில் வந்த என் வாக்கியங்கள் பேஸ்பால் பற்றியவை. சேவுகம்பட்டியில் பிறந்து வளர்ந்து, அந்த ஆட்டத்தை ஒரு தடவைகூடப் பார்த்திராத ஒருவன் எழுதியவை.

அமெரிக்காவில் பேஸ்பால் எழுதி ஆரம்பித்தவர்கள் எங்கெங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதை நான் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ரிங் லார்ட்னர் 1885ல் மிச்சிகன் மாநிலத்தில் நைல்ஸ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். 1905ல் பக்கத்து சௌத் பெண்ட் ஊரின் பத்திரிகையில் சேர்ந்தார். இரண்டு வருஷத்தில் சிகாகோ. அங்கே பேஸ்பால் குழுக்களோடு ரயிலில் ஊர் ஊராகப் போவதும், ஆட்டக்காரர்களோடு சாப்பிட்டு, சீட்டாடி, அவர்கள் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டிருப்பதும்தான் வேலை. 1914ல் ஸாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகையில் ஒரு கதைத் தொடர் எழுதினார். படிப்பு அதிகமில்லாத ஒரு பந்து வீச்சாளன் ஊரிலிருக்கும் சிநேகிதனுக்கு எழுதும் கடிதங்கள். எழுத்துப் பிழை, தற்பெருமை, அசட்டுத்தனம் எல்லாம் அப்படியே. அமெரிக்கப் பேச்சு மொழி அந்த நாட்டு இலக்கியத்துக்குள் நுழைந்த வாசல்களில் அது ஒன்று. 1925ல் அமெரிக்கப் புனைகதை பற்றி எழுதிய வர்ஜீனியா வுல்ஃப், பேஸ்பால் ஆடாத ஒரு நாட்டில் உட்கார்ந்துகொண்டு, லார்ட்னரை மனமுவந்து பாராட்டுகிறார்.

ஜேம்ஸ் ரெஸ்டன் பாதை இன்னொரு விதம். ஸின்ஸினாட்டி பேஸ்பால் குழுவுக்கு விளம்பர வேலை பார்த்தவர், அஸோஸியேட்டட் பிரஸ்ஸுக்கு விளையாட்டு எழுதப் போனார். 1937ல் அவர்கள் லண்டனுக்கு அனுப்பினார்கள். விளையாட்டோடு வெளிநாட்டு இலாகாவையும் கவனிக்கவேண்டியிருந்தது. 1939ல் நியூயார்க் டைம்ஸ். பிறகு வாஷிங்டன். இரண்டு புலிட்ஸர் பரிசுகள்.

எல்லோருக்கும் இந்த ஏணி ஒரே மாதிரி சாத்தியமாகிவிடவில்லை. வெண்டல் ஸ்மித் இளவயதில் நன்றாகப் பந்து வீசியவர். நீ வெள்ளைக்காரனாக இருந்தால் உன்னை எடுத்துக்கொண்டிருப்பேன் என்று ஆள் தேர்வு செய்ய வந்தவன் முகத்துக்கு நேரே சொன்னான். ஆடமுடியாதவர் எழுதப் போனார். 1937ல் கறுப்பர் பத்திரிகையான பிட்ஸ்பர்க் கூரியரில் சேர்ந்து, பெரிய குழுக்களில் ஏன் ஒரு கறுப்பன்கூட இல்லை என்று விடாமல் எழுதினார். 1945ல் ஜாக்கி ராபின்ஸன் பெயரை ப்ரூக்ளின் குழுவின் தலைவர் பிராஞ்ச் ரிக்கியிடம் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். 1947ல் ராபின்ஸன் களத்தில் இறங்கியபோது கூடவே பிரயாணம் செய்து எழுதினார். அப்போதும் பத்திரிகையாளர் மேடையில் அவருக்குச் சுலபத்தில் இடமில்லை. கிளேர் ஸ்மித் என்ற கறுப்பினப் பெண்மணி 1983ல் நியூயார்க் யாங்கீஸ் குழுவைப் பற்றி எழுத ஆரம்பித்தார். மறு வருஷமே ஸான் டியகோ குழுவினர் அவரை உடைமாற்றும் அறையிலிருந்து வெளியேற்றினார்கள். 2017ல் பேஸ்பால் எழுத்துக்கான உயர்ந்த விருது அவருக்கு வந்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்.

இவர்களுக்கு அந்த ஆட்டம் என்ன கற்றுக்கொடுத்தது என்பதுதான் என் கேள்வி. ஒரு பெரிய குழு ஒரு பருவத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. அனேகமாக தினம் ஒன்று. நேற்று நடந்ததுதான் இன்றும் நடக்கிறது: வீசுகிறான், அடிக்கிறான், ஓடுகிறான். எழுதுகிறவன் நேற்று எழுதியதை இன்று எழுத முடியாது. யார் எத்தனை அடித்தார்கள் என்பதைக் கட்டம் போட்ட அட்டவணை சொல்லிவிடும். அந்த அட்டவணையை வளர்த்து நிலைநிறுத்தியவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து, நியூயார்க்கில் கிரிக்கெட் எழுதிக்கொண்டிருந்து, 1850களில் பேஸ்பாலுக்கு வந்தவர். கணக்கு அட்டவணைக்குப் போய்விட்டதால் வாக்கியத்துக்கு மிஞ்சியது கண்ணால் கண்டது மட்டும். ஒருவன் தோளை எப்படித் திருப்பினான், தவறவிட்ட பந்தைத் திரும்பிப் பார்த்தானா, பார்க்காமல் நடந்தானா. இதை ராத்திரி குறிப்பிட்ட மணிக்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். கவிஞனுக்கு இதைவிடக் கடுமையான பயிற்சி உண்டா?

கவிஞன் என்று சொன்னது அலங்காரத்துக்காக அல்ல. ஜப்பானிய ஹைக்கூவைப் புதுப்பித்த மஸாவோகா ஷிகியும் பேஸ்பால் எழுதியவர். 1867ல் மட்ஸுயாமாவில் பிறந்தார். மாணவப் பருவத்தில் அந்த ஆட்டத்தில் வெறியாக இருந்தார். 1892ல் ‘நிப்போன்’ பத்திரிகையில் சேர்ந்தார். 1896ல், க்ஷயம் முதுகெலும்பில் இறங்கிப் படுக்கையில் கிடந்த நிலையில், அந்தப் பத்திரிகையில் பேஸ்பாலை விளக்கி எழுதினார். அடிப்பவன், ஓடுபவன், நேர்ப்பந்து, உயரப் பறக்கும் பந்து என்று ஒவ்வொன்றுக்கும் ஜப்பானிய மொழியில் சொல் உண்டாக்கினார். அவற்றில் பல இன்றும் அங்கே புழக்கத்தில் இருக்கின்றன. 1902ல், முப்பத்தைந்து வயது முடிவதற்குள், இறந்துபோனார். நூறு வருஷம் கழித்து, 2002ல், ஜப்பானிய பேஸ்பால் பெருமக்கள் வரிசையில் அவரைச் சேர்த்தார்கள். பழைய கவிதை பொய்யாகிவிட்டது, கண்ணால் பார்ப்பதை எழுது என்று அவர் சொன்னதற்கும், பந்து போகும் வழிக்குச் சொல் தேடியதற்கும் நடுவே கோடு கிழிப்பது எனக்குச் சாத்தியமாகவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1981ல், மதுரையில் ஒரு நாளிதழில். இரவு ஷிப்ட். டெலிபிரிண்டர் இங்கிலீஷில் கக்கும் காகிதத்தைக் கிழித்து, விளையாட்டு என்று பட்டதை எங்கள் மேஜையில் போடுவார்கள். நான்கு பேர் இருந்தோம். எல்லோரும் இருபத்தைந்துக்குள். ஆட்டம் நடக்கிற இடத்துக்கு நாங்கள் போகவேண்டியதில்லை, மதுரையில் நடந்தால்கூட. முடிவை யாராவது போனில் சொல்வார்கள்.

முதல் வாரம் எனக்குக் கிடைத்த செய்தி அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம். ஜூன் 12ல் ஆரம்பித்து ஜூலை 31 வரை ஐம்பது நாள் நீடித்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் நடக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன் வேறு குழுவுக்குப் போனால், இழந்த குழுவுக்கு என்ன ஈடு என்பதில் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் தகராறு. எங்கள் மேஜைக்குப் பொறுப்பாயிருந்த பெரியவர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, “விளையாடுறவனுக்கு வேலை ஏதுப்பா, அதை நிறுத்த?” என்றார். ஆக, நான் முதலில் எழுதிய பேஸ்பால் செய்தி, ஆட்டம் நடக்காததைப் பற்றியது.

அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் குழு நியூயார்க்கை 4-2 என்று வென்று பட்டம் எடுத்தது. அந்தக் குழுவில் ஃபெர்னாண்டோ வாலென்ஸுவேலா என்ற இருபது வயதுப் பையன். மெக்ஸிகோவில் ஒரு குக்கிராமத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. இடது கைக்காரன். வீசுவதற்குமுன் கண்ணை ஆகாயத்துக்கு உயர்த்துவான் என்று செய்தியில் இருந்தது. அவன் வீசும் பந்து சாதாரணமாக வளைய வேண்டிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கம் வளையும். மணிக்கட்டை உள்பக்கமாகத் திருகி விடுவது. அதைத் ‘திருகுப் பந்து’ என்று எழுதி, ஆகாயத்தைப் பார்ப்பதையும் சேர்த்து எட்டு வரி கொடுத்தேன். மறுநாள் பேப்பரில் இரண்டு வரி வந்தது. ‘சிறப்பாகப் பந்து வீசினார்’ என்று இருந்தது. இடமில்லை என்பது காரணமில்லை. அதே பத்தியின் கீழே ஓர் ஊட்டச்சத்து பானத்தின் விளம்பரம் காலி இடத்தை நிரப்பியிருந்தது. வீசினார், அடித்தார், பிடித்தார் ஆகிய மூன்று வினைச்சொற்களோடு ‘சிறப்பாக’, ‘அபாரமாக’ என்று இரண்டு அடைகள். அந்த மேஜையில் இதற்குமேல் தமிழ் தேவைப்படவில்லை.

நாலு பேரில் ஒருவன் பாங்க் பரீட்சை எழுதிப் போனான். ஒருவன் சினிமாப் பக்கத்துக்கு மாறி, பிறகு படங்களுக்கு விளம்பரம் எழுதினான். ஒருவன் வளைகுடாவுக்குப் போனான். நான் ஊருக்குத் திரும்பி ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினேன். ரெஸ்டனின் ஏணியில் நாங்கள் எத்தனையாவது படி என்று கேட்பதே வேடிக்கை. அவர்கள் பார்த்ததை எழுதி மேலே போனார்கள். எங்களுக்குப் பார்க்கவே சந்தர்ப்பமில்லை. பையன்களுக்குத் திறமை போதாது என்று பெரியவர் சொல்வதுண்டு. திறமையைச் சோதிக்கிற இடமாக அது இருக்கவில்லை என்பதுதான் நிஜம்.

இத்தனைக்கும் இந்தச் சொற்கள் எங்கள் ஊரில் இல்லாதவையா? கிட்டிப்புள் ஆடாத பையன் அப்போது சேவுகம்பட்டியில் கிடையாது. குழியின்மேல் குறுக்கே வைத்த புள்ளைக் கெந்துவது, அதன் நுனியைத் தட்டி எழுப்பி அந்தரத்தில் அடிப்பது, எதிரே நிற்பவன் ஏந்திப் பிடித்துவிட்டால் அடித்தவன் தோற்பது: பேஸ்பால் இதற்கு ஒரு வகையில் சித்தப்பன் மகன். எறிவது வேறு, வீசுவது வேறு, விட்டெறிவது வேறு, சுண்டுவது வேறு, கவணில் சுழற்றி விடுவது வேறு. தை மாதம் சோலைமலை அழகர் பெருமாள் கோவிலில் கூடை கூடையாக வாழைப்பழம் சூறைவிடுவார்கள். பழம் வானத்திலிருந்து இறங்குகிற வேகத்தையும் கோணத்தையும் கண்ணால் அளந்து, துண்டை எங்கே விரிப்பது என்று அரை நொடியில் முடிவு செய்கிற கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் அதற்குச் சொல்லும் உண்டு. பேப்பருக்குத்தான் அவை வந்து சேரவில்லை.

ஒருவர் கொண்டுவந்தார். பக்கத்து வத்தலக்குண்டுக்காரர், சி.சு. செல்லப்பா. நம் வட்டத்தில் அவரை ‘எழுத்து’ ஆசிரியர் என்றுதான் முதலில் நினைக்கிறோம். 1959 ஜனவரியில் அவர் ஆரம்பித்த பத்திரிகையின் வழிவந்தவர்கள்தான் நாம் எல்லோரும். ஆனால் அதற்குப் பத்து வருஷம் முன்பே அவர் ‘வாடிவாசல்’ எழுதிவிட்டார். பத்திரிகைகளில் உதவி ஆசிரியராக உழன்ற மனிதர், ஜல்லிக்கட்டுத் திடலுக்குக் காமிராவோடு போய் நின்றவர். ஒரு பிற்பகல், ஒரு திடல், ஒரு காளை, தகப்பனைக் கொன்ற காரியை அணைய வந்திருக்கும் பிச்சி, மேடையில் ஜமீன்தார். மாடு அணைகிறவன் மண்ணில் நிற்கிறான். மாட்டின் சொந்தக்காரர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார். யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைச் சரியாகப் பார்த்தாலே ஜாதியும் அதிகாரமும் தாமாக வந்துவிடுகின்றன. தனியாகப் பிரசங்கம் தேவைப்படவில்லை. வெண்டல் ஸ்மித் தன் மேடையிலிருந்து பார்த்ததும் இதைத்தான். ‘வாடிவாச’லை நாவலா குறுநாவலா என்று விவாதித்திருக்கிறோம். தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த விளையாட்டு நிருபணம் அது என்று ஏனோ சொல்வதில்லை.

இரண்டாவது இடம் வானொலி. 1980களில் சேப்பாக்கம் கிரிக்கெட்டுக்குத் தமிழில் நேர்முக வர்ணனை வந்தது. வானொலி நாடக நடிகராக இருந்த அப்துல் ஜப்பார் அதில் பேர்பெற்றவர், 2020ல் காலமானார். பந்து யாருக்காகவும் காத்திருக்காது. அகராதி பார்க்க நேரமில்லை. வாயில் வருகிற சொல்தான். அதனாலேயே பேப்பரில் வராத தமிழ் அந்த ஒலிபரப்பில் வந்தது. இத்தனைக்கும் ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ 1947லிருந்து 1968 வரையும், ‘ஸ்போர்ட்ஸ்டார்’ 1978லிருந்தும் சென்னையிலிருந்தே வெளிவந்தவை. நல்ல விளையாட்டு எழுத்து நம் ஊரிலேயே அச்சாயிற்று, இங்கிலீஷில்.

இப்போது அமெரிக்காவிலேயே அந்த ஏணியின் அடிப்படி கழன்றுகொண்டிருக்கிறது. 2016லிருந்து அஸோஸியேட்டட் பிரஸ் சிறிய பேஸ்பால் குழுக்களின் ஆட்டச் செய்திகளை யந்திரத்தைக் கொண்டு எழுத ஆரம்பித்தது. அட்டவணையைக் கொடுத்தால் வாக்கியம் வந்துவிடும். 2023ல் நியூயார்க் டைம்ஸ் தன் விளையாட்டுப் பிரிவையே கலைத்துவிட்டு, தான் விலைக்கு வாங்கிய வேறொரு ஸ்தாபனத்திடம் அந்த வேலையை ஒப்படைத்தது. இதைப் படித்து அங்கே பலர் துக்கப்பட்டிருக்கிறார்கள். எனக்கு மதுரையின் இரவு ஷிப்ட் நினைவுக்கு வந்தது. ஆட்டத்தைப் பார்க்காமல், வந்த காகிதத்தை மூன்று வினைச்சொல்லில் வேறொரு காகிதமாக்கிய நாலு பையன்கள் செய்ததும் அந்த யந்திரத்தின் வேலையைத்தான். யந்திரம் எங்களைவிட வேகமாகச் செய்கிறது. பாங்க் பரீட்சைக்கு லீவு கேட்பதில்லை.

ஆகவே கேள்வி யந்திரம் வந்ததா போனதா என்பதல்ல. போய் நின்று பார்க்கிற ஒருவனுக்கு நாம் இடம் கொடுக்கிறோமா என்பது. நம் பத்திரிகைகளும் இதில் பேப்பர்களைவிட யோக்கியமானவை அல்ல. கவிதையில் படிமம் பற்றி இருபது பக்கம் போடுவோம். ஒரு கபடி ஆட்டக்காரன் மூச்சை அடக்கிக்கொண்டு கோட்டைத் தொடக் கையை நீட்டும் கணம் பற்றி இரண்டு பக்கம் போட்டதில்லை. நிலக்கோட்டைப் பக்கம் எங்காவது ஒரு திடலில் ஓர் ஆட்டத்தை முழுக்க நின்று பார்த்து, ‘அபாரமாக’ என்ற சொல் இல்லாமல் ஓர் இளைஞனோ இளைஞியோ எழுதி அனுப்பினால், அடுத்த இதழில் கவிதைகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியை அதற்குக் கொடுக்கவேண்டும் என்பது என் கட்சி. என் கவிதைகளை முதலில் எடுத்துவிடலாம்.