பேப்பர் வெயிட்டும் பெரும் துருத்தியும்

பழைய பந்தயக் கார்களின் வரலாற்றில் 1929-ஆம் ஆண்டின் ‘புளோயர்’ பென்ட்லியைப் போலப் பெயரும் விலையும் பெற்ற கார்கள் சிலவே. ஆனால் அந்தக் காரின் முகத்தில், ரேடியேட்டருக்கும் முன்னால் புடைத்து நிற்கும் சூப்பர்சார்ஜரை, காரைப் படைத்த டபிள்யூ. ஓ. பென்ட்லி கடைசிவரை ஏற்கவில்லை. 1958-இல் வெளிவந்த தன்வரலாற்றிலும், தம் எஞ்சினுக்கு அதைப் பொருத்தியது வடிவமைப்பைத் திரித்து இயக்கத்தையும் கெடுத்த செயல் என்னும் பொருள்பட அவர் எழுதினார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியும் ஆறாத கோபம் அது. படைத்தவர் கோபம் கொள்வதில் வியப்பில்லை. ஆனால் அவருடைய இளமைக்காலத்தை அறிந்தவர்களுக்கு இந்தக் கோபம் சற்றே புன்னகையை வரவழைக்கும்.

ஓர் எஞ்சின் எவ்வளவு ஆற்றல் தரும் என்பதை முடிவுசெய்வது பெட்ரோல் அன்று, காற்றே. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு அதைப்போல ஏறத்தாழ 15 மடங்கு எடையுள்ள காற்று வேண்டும். சாதாரண எஞ்சினின் பிஸ்டன், அதாவது சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் உருளை, கீழிறங்கும்போது வளிமண்டலம் தன் அழுத்தத்தால் தள்ளிவிடும் காற்றே அதற்குக் கிடைப்பது. அதற்கு மேலும் வேண்டுமென்றால் இரண்டு வழிகள் உண்டு: சிலிண்டரைப் பெரிதாக்கலாம், அல்லது காற்றை வலிந்து உள்ளே திணிக்கலாம். அப்படித் திணிக்கும் கருவியே சூப்பர்சார்ஜர். கொல்லனுடைய உலைக்குத் துருத்தி எதுவோ எஞ்சினுக்கு அது என்று சொன்னால் ஒப்புமை பொருந்துவதோடு வரலாற்றுக்கும் ஒத்துவரும். ஏனெனில் இந்தக் காரில் பயன்பட்ட ‘ரூட்ஸ்’ வகைக் கருவிக்கு 1860-இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கச் சகோதரர்கள் காரைக் கண்டவர்கள் அல்லர். அவர்களுடைய கருவி உலைகளுக்குக் காற்றூதவும் சுரங்கங்களுக்குள் காற்றோட்டம் தரவுமே முதலில் விற்பனையாயிற்று. ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளிகள் காற்றை அள்ளி அள்ளி அப்புறம் தள்ளுகின்றன. அதில் வேறு சூட்சுமம் இல்லை.

டபிள்யூ. ஓ.வுக்கு முதல் வழியே உகந்தது. மூன்று லிட்டர் போதாதபோது ஆறரையும் நாலரையும், இறுதியில் 1930-இல் எட்டு லிட்டரும் என எஞ்சினைப் பெருக்கிக்கொண்டே போனார். இரண்டாம் வழியை நாடியவர், நாட்டிங்காமில் சரிகைத் துணி வணிகத்தால் செழித்த குடும்பத்தில் பிறந்த பந்தய ஓட்டுநர் டிம் பர்கின். ஜெர்மானியர்களும் இத்தாலியர்களும் சூப்பர்சார்ஜரோடு பறக்கும்போது பென்ட்லி மட்டும் உடல் பெருத்துக்கொண்டே போவது அவருக்குப் பொறுக்கவில்லை. டபிள்யூ. ஓ. மறுத்ததும், பந்தயக் குதிரைகளுக்கும் பின்னாளில் பெயர் பெற்ற டாரதி பேஜெட் என்னும் செல்வச் சீமாட்டியின் பணத்தைத் துணைகொண்டு, ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்னும் பொறியாளரை அமர்த்தி, வெல்வின் கார்டன் சிட்டியில் தனிப் பட்டறை வைத்தே அந்த வேலையை நடத்தினார்.

துருத்தியை மாட்டுவதோடு வேலை முடிந்துவிடாது. அழுத்தப்படும் காற்று சூடேறும். சூடேறிய கலவை மெழுகுவர்த்தியைப் போல ஒழுங்காக எரியாமல் தானே வெடித்து பிஸ்டனைத் தாக்கும். மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்று சொல்லும் அந்தத் தாக்குதலைத் தவிர்க்க, சிலிண்டருக்குள் நிகழும் அழுத்த விகிதத்தைக் குறைத்தாக வேண்டும். பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டாகிய கிராங்க்ஷாஃப்ட் கூடுதல் சுமை தாங்க வேண்டும். பிஸ்டன்களும் எண்ணெய் ஓட்டமும் அதற்கேற்ப மாற வேண்டும். வில்லியர்ஸ் இவ்வளவையும் மாற்றினார். சுமார் 110 குதிரைத்திறன் தந்துவந்த 4,398 சி.சி. எஞ்சின் பந்தய வடிவில் ஏறத்தாழ 240 தரத் தொடங்கியது. தன் எஞ்சினில் தன்னுடையது என்று எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று படைத்தவர் கேட்டிருந்தால் அதை வீண் கேள்வி என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் அந்தக் கேள்வியை இன்னும் சிலர் அவரிடமே முன்பு கேட்டிருக்கலாம். 1912-இல் டபிள்யூ. ஓ.வும் அவருடைய சகோதரரும் டி.எஃப்.பி. என்னும் பிரெஞ்சுக் கார்களை லண்டனில் விற்கும் முகவர்களாக இருந்தார்கள். மறு ஆண்டு பாரிஸை அடுத்த கூர்பவ்வாவிலிருந்த தொழிற்சாலைக்குச் சென்றவரின் கண்ணில், அங்கே மேசைமேல் காகிதங்கள் பறக்காதிருக்க வைத்திருந்த ஒரு பேப்பர் வெயிட் பட்டது. அது சின்னஞ்சிறு பிஸ்டன் வடிவில் அலுமினியத்தில் வார்க்கப்பட்ட விளம்பரப் பொருள். அக்காலத்துப் பிஸ்டன்கள் வார்ப்பிரும்பாலானவை, கனமானவை, வேகம் கூடினால் விரிசல் விடக்கூடியவை. அலுமினியமோ எடை குறைந்தது, வெப்பத்தை விரைந்து கடத்துவது. ஆயினும் 660 டிகிரியில் உருகிவிடும் உலோகத்தை நெருப்பின் வாயில் வைப்பதா என்ற அச்சம் நிலவியது. அந்தத் தொழிற்சாலையில் எத்தனையோ பேர் அந்தப் பேப்பர் வெயிட்டை நாள்தோறும் கையால் நகர்த்தி, அடியிலிருந்த காகிதத்தை எடுத்துக்கொண்டு, மறுபடி அதே இடத்தில் வைத்திருப்பார்கள். காகிதத்தின்மேல் கிடந்ததைச் சிலிண்டருக்குள் வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றியது விற்பனை முகவருக்கு. 88 பங்கு அலுமினியமும் 12 பங்கு செம்பும் சேர்ந்த கலவையில் பிஸ்டன்கள் வார்க்கப்பட்டன, அவை உருகவில்லை, டி.எஃப்.பி. கார்கள் தம் தகுதிக்கு மீறிய வேகத்தில் ஓடத் தொடங்கின.

போர் வந்தபோதும் அதே கதைதான். பிரிட்டிஷ் கடற்படை அவரைப் பிரெஞ்சு வடிவமைப்பான கிளெர்ஜே விமான எஞ்சினைத் திருத்த அனுப்பியது. சிலிண்டர்கள் உந்துவிசிறியோடு சேர்ந்து தாமும் சுழலும் ‘ரோட்டரி’ வகை எஞ்சின் அது. எண்ணெய் மீண்டும் திரும்பாமல் எரிந்தும் சிதறியும் வெளியேறும் அந்த எஞ்சினுக்கு, பெட்ரோலில் எளிதில் கரையாத விளக்கெண்ணெயே ஏற்றதாக இருந்தது; அதன் புகையை மணிக்கணக்கில் சுவாசித்த விமானிகளின் வயிறு பட்ட பாட்டைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. வெப்பத்தால் கோணிக்கொள்ளும் சிலிண்டர்களுக்கு மாற்றாக, இரும்பு உள்ளுறை கொண்ட அலுமினியச் சிலிண்டர்களை டபிள்யூ. ஓ. முன்வைத்தார். எஞ்சினைத் தயாரித்துவந்த நிறுவனம் இத்தகைய அடிப்படை மாற்றத்தை விரும்பாததால் வேறொரு தொழிற்சாலையில் வேலை தொடர்ந்தது. அவ்வாறு பிறந்து ‘சாப்வித் கேமல்’ விமானங்களில் பறந்த எஞ்சினுக்கு ‘பென்ட்லி ரோட்டரி’ என்று பெயராயிற்று. பிறருடைய எஞ்சினைப் பிரித்துப் புகழ்பெற்றவர், தம் எஞ்சினைப் பிறர் பிரித்தபோது மட்டும் வடிவமைப்பின் தூய்மையைப் பற்றிப் பேசினார்.

அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. அவர் செய்த மாற்றங்கள் சுமையைக் குறைத்தன. எஞ்சினின் உள்ளே மறைந்து அதன் போக்கிலேயே அதற்கு உதவின. பர்கின் செய்வித்ததோ சுமையைக் கூட்டியது. காரின் மூக்கில் கனத்த பெட்டி, பெட்ரோலுக்கு அடங்காப் பசி, நீடித்த ஓட்டத்தில் தளர்ச்சி. 1930-இல் 24 மணி நேர லெ மான் பந்தயத்தில் இது வெட்டவெளிச்சமாயிற்று. ருடால்ஃப் கராச்சியோலாவின் மெர்சிடிஸை பர்கின் புல்தரையில் சக்கரம் பதிய முந்தினார், மெர்சிடிஸும் பழுதாகி விலகியது, புளோயர்களும் விலகின, வென்றது, டபிள்யூ. ஓ. பெருக்கிய ஆறரை லிட்டர் ‘ஸ்பீட் சிக்ஸ்’. ஆண்டின் பிற்பகுதியில் போ நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில், சின்னஞ்சிறு புகாட்டிகளின் நடுவே அந்தப் பெருங்காரை ஓட்டி பர்கின் இரண்டாம் இடம் பிடித்ததே பந்தயங்களில் அதற்குக் கிடைத்த பெரும்பேறு.

தோற்ற கார் எவ்வாறு புகழ்பெற்றது என்பதற்கு விடை ஓரளவு இலக்கியத்தில் இருக்கிறது. 1953-இல் வெளிவந்த ‘கசினோ ராயல்’ நாவலில் இயான் பிளெமிங் ஜேம்ஸ் பாண்டுக்குக் கொடுத்த கார் ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் சூப்பர்சார்ஜர் பொருத்திய நாலரை லிட்டர் பென்ட்லிதான்; வில்லியர்ஸ் பிளெமிங்கின் நண்பர், பின்னாளில் அவருடைய உருவப்படத்தைத் தீட்டியவர். நாவலாசிரியருக்கு வேண்டியது பந்தய முடிவு அன்று, பார்த்ததும் அச்சுறுத்தும் முகம். அது புளோயருக்கு இருந்தது. ஸ்பீட் சிக்ஸின் வெற்றிகளைப் பட்டியலில் படித்துத்தான் அறிய வேண்டும்.

இன்று நிலைமை தலைகீழ். லெ மான் விதிப்படி 50 விற்பனைக் கார்களும் பர்கினின் பந்தயக் கார்களுமாகப் பிறந்த புளோயர்கள் மொத்தம் 55. அவற்றில் ஒரு திருகாணியை மாற்றினாலும் மூலம் கெட்டுவிட்டது என்று வல்லுநர்கள் முகம் சுளிக்கிறார்கள். பர்கினின் ஒற்றை இருக்கைக் கார் 2012-இல் 50 லட்சம் பவுண்டுக்கும் மேல் ஏலம் போயிற்று. 2019-இல் பென்ட்லி நிறுவனமே பர்கினின் கார் ஒன்றை அக்கக்காகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் லேசரால் அளந்து, நிறுவனர் வெறுத்த அந்தத் துருத்தி உட்பட அச்சு மாறாமல் 12 கார்கள் செய்யப்போவதாக அறிவித்தது. இதனிடையே, துருத்தி இல்லாமல் பிறந்த 665 நாலரை லிட்டர் கார்களில் பலவற்றுக்கு அவற்றின் உடைமையாளர்கள் புதிதாகச் செய்த சூப்பர்சார்ஜர்களை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அழுத்தத்தைச் சற்றே தணித்து, பிஸ்டன்களை மாற்றி, இன்றைய பெட்ரோலுக்கு ஏற்பத் தீப்பொறியின் நேரத்தைத் திருத்தி, வார இறுதியில் ஓட்டி மகிழ்கிறார்கள். இப்போக்கு நீடித்தால், டபிள்யூ. ஓ. விரும்பியபடியே வெறும் முகத்தோடு நிற்கும் நாலரை லிட்டர் கார்தான் கிடைப்பதற்கு அரிதாகும். அப்போது யாரேனும் ஒருவர் துருத்தியைக் கழற்றிவிட்டு, அதற்கும் ஒரு பெரிய விலை சொல்வார்.