பொதுச்சுவர்

விருதுநகர் தெப்பக்குளத்தைச் சுற்றியிருக்கும் கடைவீதியிலிருந்து பிரிந்து போகும் சந்துகளில் ஒன்று. இரண்டு பக்கமும் வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை. விடியுமுன்னே ஒவ்வொரு கதவாகத் திறக்கிறது. வாசல் தெளிக்க அரைக்குடம் தண்ணீர்தான். தண்ணீரின் அருமை தெரிந்த ஊர். கோலம் போடுகிற பெண், தன் வீட்டுச் சுவர் முடிவதற்கு ஒரு சாண் முன்பே கையை எடுத்துவிடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரியும் அப்படியே. இடையில் கிடக்கும் இடத்தைப் பெருக்குவது, அன்றைக்கு யார் முதலில் எழுந்தார்களோ அவர்கள் வேலை.

தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது. தலை ஈரம் காயாமல், கையில் தூக்குவாளியோடு நாலைந்து பெண்கள் ஓடுகிறார்கள். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். அதில் ஒருத்தி ஓடிக்கொண்டே திரும்பி, “மதினி, சாவி மாடக்குழில இருக்கு. கேஸ் வந்தா வாங்கி வச்சிருங்க” என்கிறாள். மதினி வெளியே வரவில்லை. “நீ ஓடு” என்று குரல் மட்டும் வருகிறது.

கதவு திறந்திருக்கும் வீட்டைத் தெருவில் நின்றபடியே கடைசிவரை பார்த்துவிடலாம். திண்ணை, நடை, பட்டாசல், வெளிச்சம் விழும் முற்றம், அதற்கப்பால் அடுப்படி, புறவாசல். எல்லாம் ஒரே நேர்கோட்டில். முகப்பு ஒடுக்கம், உள்ளே ஆழம். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876இல் ரயில் ஓடத் தொடங்கியபின் இந்த ஊரில் வியாபாரம் பெருகியது. வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் எல்லாம் சுற்றியிருந்த கரிசல் காட்டிலிருந்தும் தூரதேசத்திலிருந்தும் இங்கே வந்து இறங்கி, விலை போட்டு, மறுபடி ஏறிப்போயின. கடைவீதிக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு வாசல் வேண்டியிருந்தது. வாசலைக் குறுக்கிக்கொண்டு பின்னால் நீண்டார்கள். ஒட்டிக் கட்டியதில் பயத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். 1899இல் சாதிக் கலவரத்தில் சிவகாசி சூறையாடப்பட்டு வீடுகள் நூற்றுக்கணக்கில் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள், தனித்து நிற்கும் வீட்டை எப்படி விரும்பியிருக்கும்?

இந்த வரிசையின் உயிர் சுவரில் இருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். இந்த வீட்டு உத்திரத்தின் தலை சுவருக்குள் பாதிவரை வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த வீட்டு உத்திரம் எதிர்ப்பக்கமிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு தட்டட்டியின் பாரத்தையும் அது ஒன்றே வாங்கிக்கொள்கிறது. பத்திரத்திலும் பொதுச்சுவர் என்றே எழுதுவார்கள். சுண்ணாம்பும் செங்கலுமான அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் கூரை இருக்கிறவரை மழை தெரியாது, வெயில் தெரியாது. நூறு வருஷம் நிற்கும்.

காலை ஏறியதும் திண்ணைகள் நிரம்புகின்றன. கமிஷன் கடையிலிருந்து வந்த வத்தலைச் சாக்கில் பரப்பி ஒரு வயதான அம்மா காம்பு கிள்ளுகிறார். இடது கையில் நாலைந்து வத்தல், வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் அசைகின்றன. காம்பு ஒரு பக்கம், நிறம் மங்கிய வத்தல் ஒரு பக்கம், நல்லது சுளகில். கண் அங்கே இல்லை; தெருவில் போகிறவர்களிடம் இருக்கிறது. நெடி கிளம்பி நாலு வீடு தள்ளித் தும்மல் கேட்கிறது. எதிர்த் திண்ணையில் ஒரு பெரியவர் பத்திரிகையை விரித்து விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தில் துவரம் பருப்பின் விலையைப் பார்க்கிறார். கடையைப் பிள்ளைகளிடம் விட்டுப் பல வருஷம் இருக்கும் போலிருக்கிறது. விலை பார்க்கிற பழக்கம் மட்டும் விடவில்லை.

இந்த வியாபாரத்திலும் ஒரு பொதுச்சுவர் இருந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் மகமை எடுத்து வைத்தார்கள். அவர்களுடைய சமூகச் சங்கமான உறவின்முறை அந்தப் பணத்தில் ஊருக்கு வேண்டியதைச் செய்தது. பெண்கள் உலையில் அரிசி போடும்போது ஒரு பிடியைத் தனிப்பானையில் போட்டு வைத்தார்கள். வீடுவீடாகச் சேர்த்த அந்தப் பிடியரிசியில் நடந்த பள்ளிக்கூடம்தான் க்ஷத்திரிய வித்தியாசாலை. காமராஜர் படித்தது அங்கேதான். பின்னாளில் பள்ளிக்கூடத்தில் சோறு போடத் துணிந்த முதலமைச்சருக்கு, அரிசிப்பானைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உள்ள சம்பந்தத்தை யாரும் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை.

அவர் 1903இல் பிறந்த ஊர் இது. அன்று விருதுபட்டி, 1923இல்தான் விருதுநகர். அவர் வீடும் இப்படி ஒரு வரிசையில் ஒடுங்கி நிற்கும் வீடுதான். இன்று அரசு நினைவு இல்லம். அவர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காலத்தில் தாயார் சிவகாமி அம்மாள் வாழ்ந்தது அங்கேதான். தாயாருக்காக வீட்டுக்குள் தனிக் குழாய் போட்டதைக் கேட்டு, அதை எடுக்கச் சொல்லிவிட்டார் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். தெருவில் மற்றவர்கள் எங்கே தண்ணீர் பிடித்தார்களோ அங்கேயே அந்த அம்மாளும் பிடிக்கவேண்டும். அந்த வீட்டுக்குள் நடக்கும்போது நேர்மையை நினைக்கிறோம், எளிமையை நினைக்கிறோம். பக்கத்து வீட்டை யாரும் நினைப்பதில்லை. முதலமைச்சரின் தாயாருக்கு ஒரு நியாயம், அடுத்த வீட்டுக்காரிக்கு ஒரு நியாயம் என்று இருக்க முடியாத தெருவில்தானே அது நடந்தது? ஒரு வீட்டை மட்டும் காப்பாற்றி வைத்துவிட்டு அது நின்ற வரிசை மாதிரியான வரிசைகளையெல்லாம் கைவிடுவது எனக்குச் சம்மதமில்லை. காக்கவேண்டியது வரிசையை.

காம்பு கிள்ளும் அம்மாவின் வீட்டுக்கு வலப்பக்கம் இப்போது வீடு இல்லை. இடித்துவிட்டார்கள். செங்கல் குவியலும், முறிந்த உத்திரமும், இடிபாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் வேப்பங்கன்றும். நிற்பது பொதுச்சுவர் மட்டும். மேலே வரிசையாக உத்திரம் இருந்த பொந்துகள், அதில் மாடப்புறா. கீழே பட்டாசல் இருந்த இடத்தில் நீலம், நீலம் உரிந்த இடத்தில் ரோஸ், அதற்குள் வெள்ளை. ஒரு கல்யாணத்துக்கு ஒரு நிறம் அடித்திருப்பார்கள். அடுப்படியின் கரி கழுத்துயரத்திலிருந்து மேலேறிப் பரந்திருக்கிறது. மாடக்குழிக்குள் எண்ணெய்க் கறுப்பு. அதன் ஓரத்தில் யாரோ விரலைத் துடைத்துத் துடைத்து வழவழப்பாகிவிட்ட ஒரு தடம். படி ஏறிப்போனதற்குச் சாட்சியாகச் சாய்வான கோடு. காலண்டர் ஆணி இன்னும் இருக்கிறது.

சுவரின் மறுபுறத்தில் அந்த அம்மாவின் பட்டாசல். உள்ளே இடுப்புயரத்துக்கு ஈரம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறது. தினமும் காலையில் அதைக் கூட்டி அள்ளுகிறார். நூறு வருஷமாக உட்சுவராக இருந்தது ஒரே மாதத்தில் வெளிச்சுவராகிவிட்டால் இப்படித்தான். இனிப் புதுவீடு தூண் எழுப்பிக் கட்டுவார்கள். தூணுக்குப் பள்ளம் தோண்டுவார்கள். பழைய வீட்டின் அஸ்திவாரம் ஆழமில்லாதது. அதன் அடியில் மண் சரிந்தால் சுவரும் சரியும். இப்படி ஒரு வீடு போனால் இரண்டு வீடு நொந்துபோகின்றன. பிறகு அவையும் இடிக்கவேண்டிய வீடுகளாகின்றன. பல தெருக்களில் வரிசை கலைந்தது இந்த வழியில்தான். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை.

சாயங்காலம் வேன் வந்து நிற்கிறது. காலையில் சாவியைப் பற்றிச் சொன்ன பெண் இறங்கி வருகிறாள். முன்கையில் மருந்து ஒட்டி வெள்ளியாக மினுங்குகிறது. அவள் பகலெல்லாம் உட்கார்ந்திருந்த அறை வேறு கணக்கில் கட்டப்பட்டது. ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும். அறைக்கும் அறைக்கும் நடுவே வெட்டவெளி விடவேண்டும். ஒன்று வெடித்தால் அடுத்தது தப்பவேண்டுமே, அதற்காக. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்தபின், அந்த விதிகளின் அருமை இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இடைவெளிதான் அங்கே உயிர்.

அந்த இடைவெளியிலிருந்து தப்பித்து, சில பேர் சரவெடி பின்னும் வேலையை, திரி வேலையை, மருந்தைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கூலி கொஞ்சம் கூட வரும், பிள்ளையைப் பார்த்துக்கொண்டே செய்யலாம் என்பது காரணம். வறுமையின் காரணம், அதைக் குற்றமென்று மட்டும் சொல்லி நகர எனக்கு மனமில்லை. ஆனால் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் அது வெடித்தால் போவது அந்த வீடு மட்டுமல்ல. சுவரை நம்பி அந்தப் பக்கம் தொட்டிலில் பிள்ளையைப் போட்டவளும் இருக்கிறாள். வேலை கொடுக்கிறவர்களுக்கு இது தெரியாதென்றால் நம்ப முடியாது.

அவள் வாசலில் கைகழுவிவிட்டு மதினியிடம் போய்ச் சாவியை வாங்குகிறாள். அதற்குள் இடித்த மனையில் பேச்சுக்குரல். மனைக்காரரும் கொத்தனாரும் வந்திருக்கிறார்கள். அந்த அம்மா சுளகை இறக்கி வைத்துவிட்டுக் குவியல்மேல் ஏறி நிற்கிறார்.

“சிமெண்டப் போட்டு மெழுகிட்டா ஒரு நாள் வேலம்மா” என்கிறார் கொத்தனார்.

“சிமெண்டு வேண்டாம்ப்பா. குடிச்ச ஈரம் வெளிய போக வழி வேணும். சுண்ணாம்பு பூசு.”

“அத்தை, செலவு கூடப் போகும்” என்கிறார் மனைக்காரர். இந்த வரிசையில் பிறந்து, மெட்ராஸில் கடை வைத்திருப்பவர். வருஷம் தவறாமல் பங்குனிப் பொங்கலுக்கு வந்து இதே வீட்டில் தங்கியவர்.

“பூச்சுல பாதி நான் தாரேன். நீ பள்ளம் தோண்டுறப்ப எஞ் சுவத்தடிய விட்டு ரெண்டடி தள்ளித் தோண்டு.”

“மனையே பதிமூணடி அத்தை.”

“ஒங்கம்மா ஒன்னப் பெத்தது இந்தச் சுவத்துக்கு அங்கிட்டு. நான் இங்கிட்டு இருந்து சத்தம் கேட்டு ஓடியாந்தேன். ரெண்டடி கேக்கக் கூடாதா?”

மனைக்காரர் டேப்பை இழுத்துச் சுவரோரம் வைக்கிறார். ஒன்றரையில் நிறுத்தி அந்த அம்மாவைப் பார்க்கிறார். அந்த அம்மா டேப்பைப் பார்க்கிறார். மனைக்காரர் மறுபடி இழுத்து இரண்டடியில் கொத்தனாரைக் கோடு போடச் சொல்கிறார். ஐப்பசி மழைக்கு முன்னால் பூச்சு முடியவேண்டும், அதுவரை சுவர்மேல் தார்ப்பாய் போட்டு வைக்கவேண்டும், தார்ப்பாய்க் காசு மனைக்காரருடையது என்று முடிவாகிறது. கொத்தனார் சுண்ணாம்புக்கு ஆள் அனுப்ப போனை எடுக்கிறார்.