அக்கரைச் சனம்

கோடையில் வெள்ளாறு முழுக்க மணல்தான். பெண்ணாடத்துப் பக்கமிருந்து அக்கரைக்கு மாட்டுவண்டியே போகும். சக்கரம் புதையாத தடம் எதுவென்று மாட்டுக்கே தெரியும். ஐப்பசி பிறந்தால் தடமெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். ஆத்தூர் வழியாக வரும் வசிஷ்ட நதியும், கொல்லிமலையில் பிறக்கும் சுவேத நதியும் கூடித்தான் எங்கள் வெள்ளாறு. அதனால் ஊரில் வெயில் காயும்போதே ஆற்றில் வெள்ளம் வந்து நிற்கும். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள்: "மேக்க நல்ல மழை போலருக்கு. இப்ப எறங்காத தம்பி, செத்த நேரம் போவட்டும்."

அந்தச் செத்த நேரம் சில நாள் அரைப் பொழுதாக நீளும். அதற்காகத்தான் இன்று ஏங்குகிறேன். சந்தைக்கு வந்து திரும்புகிறவர்கள், முந்திரிக்கொட்டை மூட்டையோடு நிற்கிறவர்கள், பிள்ளைத்தாய்ச்சி மகளைப் பார்க்கப் போகும் அம்மா எல்லாரும் ஒரே கரையில் காத்துக் கிடப்போம். யார் வீட்டில் பெண் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அங்கேயே பேசி முடிந்துவிடும். தண்ணீர் இடுப்பளவுக்கு வடிந்ததும் ஆழம் தெரிந்த ஒருவர் மூங்கில் கழியை ஊன்றி முன்னே இறங்குவார். மற்றவர்கள் கைகோத்து, ஓட்டத்தை எதிர்க்காமல் கொஞ்சம் கீழ்ப்புறமாகச் சாய்ந்தே நடப்போம். நின்றால் குதிகாலடி மணலைத் தண்ணீர் அரித்துக்கொண்டு போகும். அதனால் பயந்தவரைக்கூட நிற்க விடமாட்டார்கள்.

இந்தக் கரைக்கு வயது அதிகம். அப்பர் தோளில் சூலமும் இடபமும் பொறிக்கப்பெற்ற தூங்கானை மாடம் பெண்ணாடத்துக் கோயில்தான். சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்ததும் இங்கே. பக்கத்துத் திருவட்டத்துறை, தேவாரத்தில் நெல்வாயில் அரத்துறை; ஆற்றின் பெயர் நிவா. இங்கிருந்து அங்கே நடந்தே போன சம்பந்தருக்கு இறைவன் முத்துச் சிவிகை கொடுத்தான் என்கிறது பெரியபுராணம். அதே பிள்ளைக்குத் திருக்கொள்ளம்பூதூரில் வேறு சோதனை: வெள்ளத்துக்கு அஞ்சி ஓடக்காரர்கள் போய்விட, அவர் பதிகம் பாடி ஓடத்தை அக்கரை சேர்த்தார். ஐப்பசியில் இன்றும் அங்கே ஓடத் திருவிழா நடக்கிறது. ஓடம் கிடையாத எங்கள் துறைக்குத் திருவிழா இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சென்னை மாகாணத்தில் ஓடத்துறைகளுக்கென்று 1890-லேயே சட்டம் வந்தது. குத்தகை எடுத்தவருக்கு ஓடக்கூலி வாங்கும் உரிமை உண்டு. நான் கண்ட துறையில் குத்தகையும் இல்லை, கூலியும் இல்லை. கழி ஊன்றி வந்தவருக்கு வெற்றிலை பாக்கு, சில சமயம் ஒரு படி கம்பு.

1920-களின் கடைசியில் விழுப்புரம்–திருச்சி கார்டு லைன் வந்து ரயில் ஆற்றைத் தாண்டியது. சனம் அதற்குப் பிறகும் பல்லாண்டு தண்ணீரில் இறங்கித்தான் நடந்தது. சௌந்தரசோழபுரத்துக்கும் கோட்டைக்காட்டுக்கும் நடுவே போட்ட செம்மண் சாலையை மழைக்கு மழை வெள்ளம் அடித்துப்போன கதை கடலூர், அரியலூர்க்காரர்களுக்குப் பழக்கம். பிரசவ வலியோடு கரையில் நின்றவர்களை நினைத்தால், பாலம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. பாலம் வேண்டும், கட்டாயம் வேண்டும்.

ஆனாலும் இப்போது வண்டியில் கண்மூடித் திறப்பதற்குள் அக்கரை வந்துவிடுகிறது. எங்கள் வீட்டுப் பெண்களைக் கொடுத்த ஊர்கள் அவை. அங்கே முகம் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட இன்று எனக்கு ஒருவரும் இல்லை.