அரிச்சல்முனைக்கு ஒரு பஸ்

ஞாயிறு காலை மதுரை பாசஞ்சரில் நால்வர் கிளம்பினோம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் நடுப்பகுதி, கப்பலுக்காக லிஃப்ட் மாதிரி நேராக மேலே எழும்பும். மெக்கானிக்கல்காரர்கள் விடுவோமா, ஜன்னலை!

இராமேஸ்வரத்தில் ஆட்டோவுக்குக் கேட்டது எங்கள் மெஸ் பில். ஆகவே அரசு பஸ். 1964 புயல் அழித்த தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை. ஒருபுறம் அமைதியான பெண்கடல், மறுபுறம் சீறும் ஆண்கடல். நேரம் போனதே தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. மாலை ரயிலை விட்டால் திங்கள் பிராக்டிகல் போச்சு, அரியர்தான்.

"அண்ணே, ரயிலு போயிரும்ணே!"

"படியில நிக்காம உள்ள வாங்கடா தம்பிகளா" என்றார் கண்டக்டர்.

ஸ்டேஷனில் ஓடி ஏறினோம். மாப்ளே ஒருத்தனின் இடது செருப்பு மட்டும் தீவிலேயே தங்கிவிட்டது.